தண்ணீர் விலக நேரம் பிடிக்கும்

காய்ச்சிய பால் ஆறினால் மேலே ஆடை கட்டும். அதன் நடுவில் கரண்டி நுனியால் லேசாக அழுத்தினால், அழுத்திய இடத்திலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கோடுகளாகச் சுருக்கங்கள் ஓடும். இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்தக் கோடுகள் எத்தனை, ஏன் அத்தனை என்று கேட்டவர்கள்தான் குறைவு. கேட்டவர்களுக்கும் நெடுநாள் சரியான பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி வந்தது. மெதுவாக அழுத்தாமல் சட்டென்று மோதினால் என்ன ஆகும்?

ஆய்வுக்குப் பாலாடை உதவாது. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். நேரம் ஆக ஆகக் காய்ந்து மாறிக்கொண்டே போகும். ஆய்வாளர்கள் கையில் எடுத்தது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். நாம் தெர்மாகோல் என்று சொல்லும் வெள்ளைப் பொருள் காற்றை அடைத்து ஊதிய பாலிஸ்டைரீன்தான். அதை டொலுவீனில் கரைத்து, வேகமாகச் சுழலும் கண்ணாடித் துண்டின் மேல் விட்டால் கரைசல் சீராகப் பரவும். டொலுவீன் ஆவியானதும் ஒட்டிக்கொண்டிருப்பது சில பத்து நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை தடிமன் கொண்ட படலம். கூர்மையான ஊசியால் அதில் ஒரு வட்டம் கீறி, கண்ணாடியைச் சாய்வாகத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால், வட்டப் படலம் கழன்று நீர்ப்பரப்பில் மிதக்கும். 100 நானோமீட்டர் தடிமனும் 2 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படலம் என்றால் தடிமனைப் போல அகலம் இரண்டு லட்சம் மடங்கு. தடிமன் ஒரு மில்லிமீட்டர் ஆகும்படி அதைப் பெருக்கினால் அகலம் 200 மீட்டர் ஆகிவிடும்.

2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில், நாராயணன் மேனனும் தாமஸ் ரஸ்ஸலும் சக ஆய்வாளர்களும் இப்படி ஒரு படலத்தின் நடுவில் சிறு நீர்த்துளி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். துளியைச் சுற்றி நட்சத்திரம்போல் சுருக்கங்கள் எழுந்தன. கோடுகளை எண்ணினார்கள், நீளத்தை அளந்தார்கள். அந்த இரண்டு எண்களை வைத்தே படலத்தின் தடிமனையும் அதன் மீள்தன்மையையும் கணக்கிட முடிந்தது. தேவைப்பட்ட கருவிகள் ஒரு தட்டுத் தண்ணீரும், அதிகம் பெரிதாக்காத ஒரு சாதாரண நுண்ணோக்கியும் மட்டுமே. பல லட்சம் செலவில் கருவி வாங்க வேண்டிய அளவீட்டை எண்ணிப் பார்த்தே முடித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சுருக்கம் ஏன் வருகிறது? மெல்லிய படலத்தை வளைப்பது எளிது, இழுத்து நீட்டுவது கடினம். தடிமன் பாதியானால் நீட்சிக்கு அது காட்டும் எதிர்ப்பும் பாதியாகும்; ஆனால் வளைவுக்குக் காட்டும் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். தடிமனின் மும்மடியோடு அது ஏறி இறங்குவதே காரணம். அதனால் படலம் மெலிய மெலிய, நீள்வதைவிட வளைவதையே விரும்பும். இப்போது நடுவில் ஒரு குழி விழுகிறது என்று கொள்வோம். குழியின் சரிவை மூட, தட்டையாக இருந்தபோது தேவைப்பட்டதைவிட அதிகப் படலம் வேண்டும். நீண்டு கொடுக்க அது தயாராக இல்லை. ஆகவே சுற்றிலும் உள்ள பகுதி நடுவை நோக்கி இழுபடுகிறது. பெரிய வட்டத்தில் இருந்த ஒரு வளையம் சின்ன வட்டத்துக்குள் வந்து அடங்க வேண்டும். சுற்றளவில் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம் மேலும் கீழும் நெளிந்தால்தான் இடம் போதும். அந்த நெளிவுகளே ஆரம் ஆரமாகத் தெரியும் கோடுகள்.

எத்தனை கோடு என்பது இரண்டு பேரின் இழுபறி. படலத்தின் வளைவு விறைப்பு அகலமான, குறைவான சுருக்கங்களைக் கேட்கிறது. நெருக்கமாக நெளிவது அதற்குச் செலவு. அடியில் இருக்கும் தண்ணீர் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறது. சுருக்கம் அகலமானால் உயரமும் கூடும். உயரம் கூடினால் தூக்க வேண்டிய தண்ணீரின் எடையும் கூடும். கோட்டின் நெடுக இருக்கும் இழுவிசையும் தண்ணீரின் பக்கமே சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் பிறக்கிறது. அதுதான் சுருக்கத்தின் அலைநீளம். இந்தச் சமரசத்தின் பொதுவிதியை 2003இல் எழுதியவர்கள் என்ரிக்கே செர்தாவும் எல். மகாதேவனும். மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர், ஹார்வர்டில் பேராசிரியர். தாள்கள் எப்படிச் சுருங்குகின்றன என்று ஆராய்ந்ததற்காக 2007இல் இருவருக்கும் இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுக்குத் தரப்படும் பரிசு அது. இந்த விஷயத்தில் சிரிப்புக்கு அதிக நேரம் கிடைத்திருக்காது; தோலின் சுருக்கத்திலிருந்து மின்னணுப் படலங்கள் வரை அந்த விதி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் தண்ணீரில் மிதக்கும்போது, தண்ணீரின் எடையை மட்டும் கணக்கில் எடுத்தால் அலைநீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தடிமனை, கண்ணால் எண்ணக்கூடிய கோடுகளாக மாற்றிக் காட்டுகிறது தண்ணீர்.

இதுவரை சொன்னது எல்லாமே நிதானமான கதை. துளியை மெல்ல வைத்தார்கள்; படலத்துக்கும் தண்ணீருக்கும் சமரசம் பேச வேண்டிய அவகாசம் இருந்தது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபின் பாக்ஸ், டொமினிக் வெல்லா முதலியோர் அந்த அவகாசத்தைப் பறித்தார்கள். மிதக்கும் படலத்தின் மேல் ஒரு சிறு உருண்டையை விழவிட்டு, அதிவேகக் கேமராவில் படம் எடுத்தார்கள்.

முதலில் நடப்பது வேகத்தில் ஏற்றத்தாழ்வு. உருண்டை தொட்ட கணத்தில் இரண்டு செய்திகள் வெளிநோக்கிப் புறப்படுகின்றன. ஒன்று, படலத்தின் தளத்துக்குள்ளேயே ஓடும் இழுப்பு. பாலிஸ்டைரீனில் அது நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும். 2 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு நேரம் போதும். மற்றது, மேலும் கீழுமான அசைவு. இது குளத்தில் கல் விழுந்தால் பரவும் வட்ட அலையைச் சேர்ந்தது. தண்ணீரையும் கூடவே நகர்த்த வேண்டும் என்பதால் மந்தமாகத்தான் வரும். பரப்பு இழுவிசைக்கும் தண்ணீரின் நிலைமத்துக்கும் இடையிலான கணக்குப்படி 10 மில்லிநொடியில் அது கடப்பது சில மில்லிமீட்டர்.

இதன் விளைவு விநோதமானது. அலை இன்னும் நடுவிலேயே இருக்கிறது. விளிம்புப் பக்கத்துத் தண்ணீர் எதுவும் நடக்காததுபோல் கிடக்கிறது. ஆனால் படலத்தின் விளிம்புக்குச் செய்தி வந்துவிட்டது. அது உள்ளே இழுபடத் தொடங்குகிறது. இழுபட்டால் சுற்றளவு மிச்சமாகும். மிச்சமானால் நெளிய வேண்டும். ஆகவே அலை எட்டாத இடத்திலும், நடுவிலிருந்து விளிம்பு வரை, படலம் முழுவதும் சுருக்கம் விழுகிறது.

அடுத்ததுதான் இந்த ஆய்வின் சாரம். சுருக்கங்களின் எண்ணிக்கை நிலையாக இல்லை. தொடக்கத்தில் நெருக்கமாக, ஏராளமாக எழுந்த கோடுகள் நேரம் போகப் போக ஒன்றோடொன்று கலந்து, எண்ணிக்கை குறைந்து, அகன்றுகொண்டே போயின. பழைய விதியில் இதற்கு இடமே கிடையாது. அங்கே தடிமன், விறைப்பு, எடை, இழுவிசை ஆகியவை உண்டு. கடிகாரம் இல்லை.

கடிகாரத்தைக் கொண்டுவந்தது தண்ணீர். ஒரு சுருக்கம் எழ வேண்டுமானால் அதன் முகட்டுக்கு அடியில் தண்ணீர் வந்து நிரம்ப வேண்டும். பள்ளத்தில் இருந்த தண்ணீர் விலக வேண்டும். எவ்வளவு ஆழம் வரை தண்ணீர் அசைய வேண்டும்? ஏறத்தாழ சுருக்கத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. குறுகிய சுருக்கத்துக்கு மேலோட்டமான மெல்லிய அடுக்கு நகர்ந்தால் போதும். அகலமான சுருக்கத்துக்கு ஆழமான, கனமான அடுக்கையே நகர்த்த வேண்டும். கனமானதை நகர்த்த நேரம் பிடிக்கும். மோதிய உடனே அந்த நேரம் இல்லை. ஆகவே முதலில் முந்திக்கொள்பவை குறுகிய சுருக்கங்கள். வளைவு விறைப்புக்கு அவை பிடிக்காது, ஆனாலும் வேறு வழியில்லை. சில மில்லிநொடிகள் போனதும் ஆழத்துத் தண்ணீரும் அசையத் தொடங்குகிறது. இப்போது விறைப்பு தன் விருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேற்றிக்கொள்ளலாம், சுருக்கங்கள் அகலுகின்றன.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். வளைவு விறைப்பு கொடுக்கும் விசையையும் தண்ணீரின் நிலைமம் கொடுக்கும் எதிர்ப்பையும் சமன் செய்தால், அலைநீளம் காலத்தின் ஐந்தில் இரண்டு அடுக்கில் வளரும் என்று வருகிறது. அதாவது சுருக்கம் இருமடங்கு அகல வேண்டுமானால் நேரம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆக வேண்டும். 100 நானோமீட்டர் படலத்துக்கு நான் போட்ட தோராயக் கணக்கில், மோதிய 0.1 மில்லிநொடியில் அலைநீளம் 0.12 மில்லிமீட்டர் அளவிலும், ஒரு மில்லிநொடியில் 0.3 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கிறது. அந்த ஒரு மில்லிநொடியில் தண்ணீரின் நிலைமம் காட்டும் எதிர்ப்பு, தண்ணீரின் எடை காட்டும் எதிர்ப்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஆக்ஸ்ஃபோர்டு குழு இதை இயங்கு விறைப்பு என்ற கருத்தாகப் பார்த்தது. தண்ணீர் தன் எடையால் ஒரு விறைப்பைத் தருகிறது. அது எப்போதும் ஒன்றே. தன் நிலைமத்தால் இன்னொரு விறைப்பைத் தருகிறது. அது முதல் கணத்தில் மிகப் பெரிது, பிறகு தேய்ந்துகொண்டே போவது. உயரத்திலிருந்து வயிறு படத் தண்ணீரில் விழுந்தவருக்கு இந்த இரண்டாவது விறைப்பு நன்றாகத் தெரியும். சுருக்கங்களை வைத்து நுண்ணிய வடிவங்கள் செய்ய விரும்புகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முன்பு அகலத்தை மாற்றப் படலத்தையே மாற்ற வேண்டும். இப்போது காலமும் ஒரு கைப்பிடி ஆகிறது.

தண்ணீர் இல்லாமல் இதே மோதலைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரான்சின் மர்சேய் நகரில் நிக்கோலா வாண்டன்பர்க், இம்மானுவேல் வில்லெர்மோ ஆகியோர் இருக்கும் குழு, காற்றில் விரித்த ரப்பர் தாளின் மேல் எறிபொருளை மோதவிட்டு 2009இல் எழுதியது. அங்கேயும் இழுப்பு முன்னால் ஓட, பின்னால் கூம்பு வடிவக் குழி விரிகிறது. கூம்பில் ஆரச் சுருக்கங்கள் எழுகின்றன. ஆனால் அங்கே நகர்த்த வேண்டியது ரப்பரின் சொந்த எடையை மட்டும். மிதக்கும் நானோ படலத்தின் சொந்த எடையோ பேச்சுக்கே இல்லாத அளவு சிறியது. அது சுமக்கும் நிறை எல்லாமே தண்ணீருடையது. பெயருக்குத்தான் படலத்தின் சுருக்கம். அதன் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர்.

மோதலைப் பயனுள்ள வேலைக்குத் திருப்பிய கதை ஒன்றும் ஆம்ஹர்ஸ்டிலிருந்து வந்தது. தீபக் குமார், ஜோசப் பால்சன், ரஸ்ஸல், மேனன் நால்வரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. தண்ணீரில் மிதக்கும் மிகமெல்லிய படலத்தின் மேல் ஓர் எண்ணெய்த் துளியை உயரத்திலிருந்து விட்டார்கள். துளி தண்ணீருக்குள் இறங்கும்போது படலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள பரப்பு இழுவிசை படலத்தைத் துளியைச் சுற்றி மூடிவிடுகிறது. ஒரு நொடிகூட ஆவதில்லை. துளி பொட்டலமாகிவிடும், ஓரங்கள் பிசகில்லாமல் பொருந்திக்கொள்ளும். படலத்தை வெட்டும் வடிவத்தைப் பொறுத்துப் பொட்டலத்தின் வடிவமும் மாறும். கையால் தொட்டாலே கிழியும் தாளை எந்திரக் கை எதுவும் இல்லாமல் மடிப்பது பெரிய காரியம். அதை ஒரு ‘தொப்’பில் முடித்திருக்கிறார்கள்.

இனி அளவை மாற்றிப் பார்க்கலாம். நானோமீட்டரிலிருந்து நேராக மீட்டருக்கு. உறைந்த ஏரியும் தண்ணீர் மேல் மிதக்கும் மீள்தகடுதான். 30 சென்டிமீட்டர் பனித்தளம் பல கிலோமீட்டர் அகல ஏரியில் விரிந்திருந்தால் அதுவும் மெல்லிய படலமே. இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ரேடியோ அலைகளைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1884இல், மிதக்கும் மீள்தகட்டின் மேல் சுமை வைத்தால் அது எப்படிக் குழியும் என்று எழுதினார். சுமையைத் தாங்குவது குழி விலக்கிய தண்ணீர்தான், படகைத் தாங்குவதுபோலவே. பனிக்கட்டியின் வேலை அந்தக் குழியை முறியாமல் அகலமாக விரித்துக் கொடுப்பது. 30 சென்டிமீட்டர் பனியில் ஒன்றரை டன் கார் நின்றால் குழியின் ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் விரிவு இருபது மீட்டருக்கும் மேல். அதையும் தாண்டினால் பனி இம்மியளவு மேலே எழும்பியிருக்கும்.

இந்தப் பெரிய தகட்டில் கல்லை எறிந்தால் கேட்கும் சத்தம் பலரை ஆச்சரியப்படுத்தியிருக்கிறது. தூரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது ‘டக்’ அல்ல. கிரீச்சென்று தொடங்கிச் சட்டெனத் தாழ்ந்து இறங்கும் ஒரு கீச்சொலி. அறிவியல் புனைகதைப் படத்தில் வரும் துப்பாக்கிச் சத்தம் மாதிரி. தகட்டின் வளைவலையில் அதிர்வெண் கூடக் கூட வேகமும் கூடும். மோதலில் எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. வழியில் உயர்ந்தவை முந்துகின்றன, தாழ்ந்தவை பின்தங்குகின்றன. தூரம் கூடினால் கீச்சொலியும் நீளும்.

ஓடும் வண்டியும் பனிக்கு ஒரு தொடர் மோதல்தான். நாஜிப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது, 1941 நவம்பர் 22 அன்று, உறைந்த லடோகா ஏரியின் மேல் முதல் லாரி வரிசை நகரத்துக்கு உணவு கொண்டுவரப் புறப்பட்டது. ஒன்றரை டன் ஏற்றும் ‘காஸ்’ வகை லாரிகள். அந்தப் பாதையில் ஒரு புதிர் இருந்தது. முழுச் சுமையோடு நகரத்துக்கு வந்து சேர்ந்த லாரி, மக்களை ஏற்றிக்கொண்டு எடை குறைந்து திரும்பும்போது பனி உடைந்து மூழ்கியது என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. லெனின்கிராடின் இயற்பியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பனியின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளை ஏரியில் வைத்துப் பார்த்தார்கள். குற்றவாளி எடையைவிட வேகம்தான் என்று தெரிந்தது.

காரணம் மறுபடியும் தண்ணீர்தான். பனித்தளத்தில் ஓடும் அலைகளில் நீளமானவை தண்ணீரின் எடையால் வேகம் பெறுகின்றன. குறுகியவை பனியின் விறைப்பால் வேகம் பெறுகின்றன. இரண்டுக்கும் இடையில் ஓர் அலை எல்லாவற்றையும்விட மெதுவாகப் போகிறது. அதன் வேகத்துக்குச் சமமாக வண்டி ஓடினால், வண்டி எழுப்பும் அலை அதைவிட்டு விலகிப் போக முடியாது. கூடவே வரும், மேலும் மேலும் ஆற்றல் சேர்ந்து உயரும். 5 மில்லிமீட்டர் குழியைத் தாங்கிய பனி அப்போது முறியலாம். 30 சென்டிமீட்டர் பனிக்கும் ஆழமான தண்ணீருக்கும் அந்த வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வருகிறது. சாதாரண லாரி சாதாரணமாக ஓடும் வேகம். புதிர் அங்கேதான் ஒளிந்திருந்தது. பனி தடித்தால் எல்லை உயரும்: அன்டார்க்டிகாவின் மக்மர்டோ பகுதியில் வெர்னன் ஸ்குவயர் முதலியோர் 1.6 மீட்டர் கடற்பனியில் அளந்தபோது அது நொடிக்கு 18 மீட்டர் அளவில் இருந்தது. கரையோரத்தில் தண்ணீர் ஆழம் குறைந்தால் எல்லையும் தாழும். 2 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 16 கிலோமீட்டருக்கு வந்துவிடும். கரையைக் கண்டதும் வேகத்தைக் கூட்ட நினைக்கும் ஓட்டுநருக்கு ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

வட கனடாவில் வைரச் சுரங்கங்களுக்குப் பொருள் கொண்டுபோகும் பனிச்சாலையில் சுமை லாரிகள் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கரையை நெருங்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். அதே நாட்டின் தெற்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பகுதியில், கடலோரக் காவல் படை இதே அலையை வேண்டுமென்றே எழுப்புகிறது. காற்றுமெத்தைக் கப்பலை உரிய வேகத்தில் பனியின் மேல் ஓட்டினால் பின்னால் எழும் அலை பனியைப் பிளக்கும். அடைத்துக்கொண்ட பனியை அங்கே இப்படியும் உடைக்கிறார்கள்.